அம்மாவின் போனில் மட்டும் "இணைக்கப்பட்டது, இணையம் இல்லை": சிக்னல் முழுதாக இருக்கிறது

கார்த்திகைப்பூ எழுதியது:

வணக்கம். மூன்று வாரமாக ஒரே பிரச்சினையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

அம்மாவின் போன் வீட்டு வைஃபையில் ஒழுங்காக இணைகிறது. பாஸ்வேர்டு தப்பு என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மேலே அந்த விசிறிக் குறி முழுதாக நிரம்பி நிற்கிறது, ஆனால் அதன் ஓரத்தில் ஒரு சின்ன ஆச்சரியக்குறி. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் வைஃபை பெயருக்குக் கீழே "இணைக்கப்பட்டது, இணையம் இல்லை" என்று இருக்கிறது. எதுவும் திறக்காது. வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு நிற்கும்.

ஹாலில் இருக்கும் டிவி, என் லேப்டாப், என் போன் எல்லாவற்றிலும் நெட் வருகிறது. என் போனைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மா அறைக்குப் போய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு வீடியோ ஓடுகிறது, அவருக்கு ஒன்றுமில்லை. அதனால் அம்மாவின் போனில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். ஆனால் அதே போனை என் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் நன்றாக ஓடுகிறது, மொபைல் டேட்டாவும் ஓடுகிறது. ஹாலுக்குக் கூட்டிவந்து வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் சில சமயம் சரியாகிவிடும். மறுநாள் காலையில் மறுபடி பழைய கதை.

செய்து பார்த்தவை: போனையும் ரூட்டரையும் பலமுறை ரீஸ்டார்ட் செய்தேன். வைஃபையை மறக்கச் செய்து புதிதாக இணைத்தேன். நெட்வொர்க் ரீசெட்டும் போட்டேன். அதில் அம்மாவின் காது கேட்கும் கருவியின் புளூடூத் இணைப்பும் சேர்ந்து போய்விட்டது, அதைத் திரும்ப இணைக்க அரை நாள் ஆனது. சிக்னல் குறைவாக இருக்குமோ என்றால் அதுவும் இல்லை. முன்பு அம்மா அறையில் ஒரு கோடுதான் வரும், இப்போது முழுதாகவே வருகிறது.

போன் ஆண்ட்ராய்டு 12, நான்கு வருடம் ஆகிறது. போன் பழசாகிவிட்டது, புதிதாக வாங்கிவிடலாம் என்கிறான் தம்பி. அம்மாவோ, தான் எதையோ தவறாக அழுத்திவிட்டதாக நினைத்து போனைத் தொடவே பயப்படுகிறார். தினமும் சாயங்காலம் பெரியம்மாவோடு முகம் பார்த்துப் பேசுவார். இரண்டு பேருக்கும் காது சரியாகக் கேட்காது, உதட்டசைவைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்வார்கள். வெறும் குரலில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு இது சீக்கிரம் சரியாக வேண்டும்.

வேகநடை எழுதியது:

என் போனிலும் இதே மாதிரி வந்தது. பேக்கப் எடுத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட் போட்டேன், சரியாகிவிட்டது. நான்கு வருடப் போன் என்றால் உள்ளே குப்பை நிறையச் சேர்ந்திருக்கும்.

நீலவானம் எழுதியது:

ஃபேக்டரி ரீசெட்டுக்கு முன்னால் இரண்டு விஷயம் பாருங்கள்.

முதலாவது, தேதியும் நேரமும். தேதி மிகவும் தள்ளியிருந்தால் பாதுகாப்பான தளங்கள் பல திறக்காது, ஏனென்றால் தளத்தின் சான்றிதழ் அந்தத் தேதியில் செல்லாது என்று போன் முடிவுகட்டிவிடும். தானாக அமைத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறீர்களா?

இரண்டாவது, பிரைவேட் டிஎன்எஸ். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைத் தேடித் தருவதுதான் டிஎன்எஸ். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் இந்த வசதி இருக்கிறது. விளம்பரத்தைத் தடுக்க யாராவது அதில் ஒரு சர்வர் பெயரைப் போட்டு வைத்திருந்தால், போன் 853 என்ற போர்ட் வழியாக அந்த சர்வரைத்தான் தேடும். வீட்டு ரூட்டர் அந்த வழியை மறித்தால் வைஃபை இணைந்திருக்கும், ஒரு தளமும் திறக்காது. மொபைல் டேட்டாவில் மறிப்பு இல்லாததால் அங்கே மட்டும் ஓடும். உங்கள் அறிகுறியோடு ஒத்துப்போகிறது. நெட்வொர்க் செட்டிங்ஸில் "தானியங்கி" என்று மாற்றிப் பாருங்கள்.

கார்த்திகைப்பூ எழுதியது:

இருவருக்கும் நன்றி. தேதி, நேரம் சரியாக இருக்கிறது, தானியங்கிதான். பிரைவேட் டிஎன்எஸ்ஸும் "தானியங்கி" என்றே இருக்கிறது, அணைத்தும் பார்த்தேன், மாற்றமில்லை.

ஃபேக்டரி ரீசெட் வேண்டாம் என்று நினைக்கிறேன். ஒருமுறை சின்ன ரீசெட்டுக்கே அம்மா மிகவும் கலங்கிப்போனார். எழுத்தைப் பெரிதாக்கி, அவருக்குப் பழகிய இடத்தில் ஒவ்வொன்றையும் வைத்துக் கொடுத்திருக்கிறேன். மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டும்.

பழையமோடம் எழுதியது:

கார்த்திகைப்பூ, எதையும் அழிக்க வேண்டாம். போனைப் புதிதாக வாங்கவும் வேண்டாம். உங்கள் பதிவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. "முன்பு ஒரு கோடுதான் வரும், இப்போது முழுதாக வருகிறது." ரூட்டரும் அதே இடம், சுவரும் அதே சுவர் என்றால் சிக்னல் தானாகக் கூடாது. மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்தில் யாராவது எதையாவது புதிதாக வைத்தார்களா? ரிப்பீட்டர், இன்னொரு ரூட்டர், எதுவானாலும் சொல்லுங்கள்.

இன்னொன்று. சிக்னல் முழுதாக இருப்பதற்கும் இணையம் வருவதற்கும் சம்பந்தமில்லை. அந்த விசிறிக் குறி போனுக்கும் வைஃபை பெட்டிக்கும் நடுவில் உள்ள காற்றைப் பற்றி மட்டும் சொல்கிறது. ஆச்சரியக்குறி வேறு விஷயம். ஆண்ட்ராய்டு போன் வைஃபையில் இணைந்த உடனே கூகுளின் சர்வரில் ஒரு குட்டிப் பக்கத்தைக் கேட்கும். அதற்கு 204 என்ற எண்ணோடு வெறும் பதில் வர வேண்டும். வராவிட்டால் "இணையம் இல்லை" என்று எழுதிவிடும். ஆக, பெட்டி வரை போய்விட்டது, பெட்டிக்கு அப்பால் போக முடியவில்லை என்பதுதான் அந்தக் குறியின் பொருள்.

இப்போது எனக்கு நான்கு எண்கள் வேண்டும். வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தட்டினால் ஐபி முகவரி, கேட்வே என்று இரண்டு வரி இருக்கும். சில போன்களில் "மேலும்" என்பதைத் தட்டினால்தான் தெரியும். நெட் வராதபோது அம்மா அறையில் வைத்து அந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஹாலுக்கு வந்து வைஃபையை அணைத்துப் போட்டு, நெட் வரும் நேரத்தில் திரும்பவும் எழுதுங்கள்.

ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் போனுக்கு யாரும் முகவரியே கொடுக்கவில்லை, அதுவாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். இரண்டு இடத்திலும் ஒரே கேட்வே இருந்தால் நான் நினைப்பது தவறு, வேறு பக்கம் தேடலாம். கேட்வே மாறியிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

கார்த்திகைப்பூ எழுதியது:

ஐயா, எண்களை எழுதி வந்திருக்கிறேன்.

அம்மா அறையில், நெட் வராதபோது: ஐபி முகவரி 192.168.0.12, கேட்வே 192.168.0.1.

ஹாலில், நெட் வந்தபோது: ஐபி முகவரி 192.168.1.107, கேட்வே 192.168.1.1.

என் போனிலும் லேப்டாப்பிலும் பார்த்தேன், இரண்டிலும் கேட்வே 192.168.1.1.

நீங்கள் கேட்டதும் தம்பியிடம் விசாரித்தேன். மாதத் தொடக்கத்தில் வந்திருந்தபோது, பரணில் கிடந்த பழைய ரூட்டரை எடுத்து அம்மா அறை அலமாரிக்கு மேலே வைத்து, ஹாலில் இருந்து ஒரு கேபிள் இழுத்து மாட்டியிருக்கிறான். குழப்பம் வேண்டாம் என்று அதே வைஃபை பெயரையும் அதே பாஸ்வேர்டையும் கொடுத்திருக்கிறான். அம்மாவுக்கு சிக்னல் சரியாகக் கிடைக்க வேண்டும் என்று செய்ததுதான். அலமாரி மேல் இருப்பதால் நான் பார்க்கவே இல்லை. அவன் கிளம்பும்போது அம்மா போனில் நெட் நன்றாக வந்ததாம்.

பழையமோடம் எழுதியது:

சரி, கிடைத்துவிட்டது. அம்மாவின் போனில் ஒரு குறையும் இல்லை. உங்கள் வீட்டில் முகவரி கொடுக்கிறவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், அதுதான் சிக்கல்.

போன் வைஃபையில் நுழைந்ததும் "எனக்கு ஒரு முகவரி வேண்டும், யாராவது இருக்கிறீர்களா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கும். ரூட்டருக்குள் இருக்கும் டிஎச்சிபி என்ற பகுதி, "இந்தா, உன் முகவரி இது, வெளியே போகிற வாசல் இது" என்று பதில் சொல்லும். அந்த வாசல்தான் கேட்வே. 1997-இல் எழுதிய விதிமுறைதான் இன்றும் வீட்டு நெட்வொர்க்குகளில் ஓடுகிறது. அதில் போன் யாரையும் சந்தேகப்படுவதில்லை. இரண்டு பேர் பதில் சொன்னால் பெரும்பாலும் முதலில் வந்த பதிலையே எடுத்துக்கொள்ளும்.

ஹால் ரூட்டர் 192.168.1.1. அதற்குப் பின்னால் இணைய லைன் இருக்கிறது. அலமாரி ரூட்டர் 192.168.0.1. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை, ஆனாலும் பழைய பழக்கத்தில் "நான்தான் வாசல்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. பின்னறையில், அதாவது அம்மா அறையில் இருக்கும் போன் அலமாரி ரூட்டரோடு நேரடியாகப் பேசுகிறது. அதன் பதில் உடனே வந்துவிடும். ஹால் ரூட்டருக்குக் கேள்வி கேபிள் வழியாகப் போய்த் திரும்ப வேண்டும். அதனால்தான் அம்மா அறையில் எப்போதும் தோல்வி, ஹாலில் சில சமயம் வெற்றி. தம்பி கிளம்பும்போது ஓடியது, ஹால் ரூட்டர் முன்பே கொடுத்திருந்த முகவரி அம்மாவின் போனில் அப்போது இன்னும் இருந்ததால்தான்.

நல்ல நோக்கத்தோடு செய்ததுதான், ஒரே ஒரு சுவிட்சை அணைக்க விட்டுப்போயிற்று. தம்பியைக் கோபிக்காதீர்கள், கேபிள் இழுத்தது சரியான வேலை. காற்றில் வாங்கிக் காற்றில் கொடுக்கும் ரிப்பீட்டரைவிட இது எவ்வளவோ மேல்.

சரிசெய்யும் வழி சொல்கிறேன். வரிசை முக்கியம், அவசரப்பட்டு டிஎச்சிபியை முதலில் அணைத்துவிடாதீர்கள். அணைத்தால் அடுத்த முறை போனுக்கு 192.168.1 வரிசையில் முகவரி கிடைக்கும், அங்கிருந்து 192.168.0.1 என்ற பக்கத்தைத் திறக்கவே முடியாது. பெட்டியைக் குச்சியால் குத்தி ரீசெட் செய்து முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும்.

முதலில் ஹால் ரூட்டரின் மின்சாரத்தை அணையுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால், அது ஓடிக்கொண்டிருந்தால் போன் எதில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். அலமாரி ரூட்டரில் இருந்து கேபிளைக் கழற்றுங்கள். போனை வைஃபையில் இணைத்து பிரவுசரில் 192.168.0.1 என்று அடியுங்கள். உள்ளே போய் லேன் (LAN, வீட்டுக்குள் உள்ள நெட்வொர்க்) என்ற பகுதியில் அந்தப் பெட்டியின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். பெட்டி ரீஸ்டார்ட் ஆகும். வைஃபையை அணைத்துப் போட்டு இப்போது 192.168.1.2 என்று அடித்து மறுபடி உள்ளே போங்கள். இப்போதுதான் டிஎச்சிபி சர்வரை அணைக்க வேண்டும். சேமித்த பிறகு கேபிளை மாட்டுங்கள், ஹால் ரூட்டரைப் போடுங்கள்.

கேபிள் லேன் என்று எழுதிய ஓட்டையில் இருக்க வேண்டும். வேன் (WAN, வெளியே இருந்து இணைய லைன் வருவதற்கானது) என்ற தனி ஓட்டையில் மாட்டினால் பெட்டி மறுபடி தனி நெட்வொர்க் ஆகிவிடும். நெட் வரும், ஆனால் பின்னறையில் இருக்கும் போனும் ஹாலில் இருக்கும் டிவியும் ஒன்றையொன்று பார்க்காது.

ஒரு சரிபார்ப்பு: ஹால் ரூட்டர் எந்த எண்ணிலிருந்து முகவரி கொடுக்கிறது என்று பாருங்கள். 107 கிடைத்திருப்பதால் 100-இல் தொடங்கலாம் என்று தோன்றுகிறது. 2 என்பது அந்த வரிசைக்கு வெளியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் வேறொரு போனுக்கும் அதே எண் போய்விடும்.

நீலவானம் எழுதியது:

அருமையான விளக்கம், ஐயா. நான் டிஎன்எஸ் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சந்தேகம். அப்படியானால் இவருடைய லேப்டாப்பும் போனும் எப்படித் தப்பித்தன? அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன், எனக்கு வந்தது என்கிறாரே.

பழையமோடம் எழுதியது:

நல்ல கேள்வி. கொடுத்த முகவரிக்கு ஒரு காலக்கெடு உண்டு, பல ரூட்டர்களில் 24 மணி நேரம். பாதிக் காலம் முடிந்ததும் சாதனம் அதைப் புதுப்பிக்கக் கேட்கும். அப்போது ஊருக்கெல்லாம் குரல் கொடுக்காது, முன்பு யார் கொடுத்தாரோ அவரையே நேராகக் கேட்கும். ஒருமுறை ஹால் ரூட்டரிடம் வாங்கிவிட்ட சாதனம், தொடர்ந்து இணைப்பிலேயே இருந்தால் அதிலேயே நீடிக்கும். அவர் போனை ஹாலில் இணைத்துக் கையோடு கொண்டுபோனார். வைஃபை பெயர் ஒன்றே என்பதால் போன் அலமாரி ரூட்டருக்கு மாறியிருக்கும், முகவரி மட்டும் பழையதுதான், அது சரியானது. அம்மாவின் போன் அந்த அறையிலேயே அணைந்து அங்கேயே விழிக்கிறது, அதனால் ஒவ்வொரு முறையும் தவறான ஆளிடம் மாட்டிக்கொள்கிறது.

லேப்டாப்பையும் பின்னறையில் அணைத்துப் போட்டிருந்தால் இதே கதைதான் நடந்திருக்கும்.

கார்த்திகைப்பூ எழுதியது:

ஐயா, லேப்டாப் விஷயம் அப்படியே நடந்திருக்கிறது! போன வாரம் அம்மாவுக்குத் துணையாக அந்த அறையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தபோது நெட் வரவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து மூடி வைத்தேன். ஹாலுக்கு வந்தபோது வந்துவிட்டது, நானும் மறந்துவிட்டேன்.

நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். ஓர் இடத்தில் மட்டும் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டேன். பிறகு யாராவது இதைப் படித்தால் உதவும் என்று எழுதுகிறேன். ஹால் ரூட்டரை அணைத்துவிட்டு 192.168.0.1 என்று அடித்தால் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பாஸ்வேர்டு கேட்கும் இடத்துக்கே வரவில்லை. பெட்டியே கெட்டுவிட்டதோ என்று பயந்துவிட்டேன். கடைசியில் பார்த்தால், இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்ததும் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கிறது. நான் அடித்த முகவரியை வீட்டுக்குள் தேடாமல் வெளியே தேடிக்கொண்டிருந்திருக்கிறது. மொபைல் டேட்டாவை அணைத்தேன், உடனே பழைய ரூட்டரின் பக்கம் வந்தது.

முகவரியை மாற்றி, திரும்ப உள்ளே போய், டிஎச்சிபியை அணைத்து, கேபிளை மாட்டினேன். மஞ்சள் நிற ஓட்டைகள் நான்கும் லேன், நீல நிறம் வேன் என்று பெட்டியின் பின்னால் அச்சடித்திருந்தது, தம்பி மஞ்சளில்தான் மாட்டியிருந்தான். ஹால் ரூட்டர் 100 முதல் 199 வரை கொடுக்கிறது, அதனால் 2 பாதுகாப்பானது.

அம்மா அறையிலேயே உட்கார்ந்து அவர் போனை அணைத்துப் போட்டேன். ஐபி முகவரி 192.168.1.112, கேட்வே 192.168.1.1. ஆச்சரியக்குறி இல்லை. மூன்று முறை அணைத்துப் போட்டும் அதேதான்.

ஒரு சின்னக் கேள்வி மட்டும் மிச்சம். இரண்டு ரூட்டரிலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 6 என்று இருக்கிறது. ஒன்றாக இருக்க வேண்டுமா, மாற்ற வேண்டுமா?

பழையமோடம் எழுதியது:

மொபைல் டேட்டா விஷயத்தை நான்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். அதைக் கண்டுபிடித்து எழுதியதற்கு நன்றி.

சேனலை மாற்றுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக இருக்கலாம், சேனல் வேறாக இருப்பது நல்லது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை. ஹாலில் 1, அலமாரியில் 11 என்று வையுங்கள். ஒரே சேனலில் இருந்தால் ஒரு பெட்டி பேசும்போது மற்றது காத்திருக்கும், வீடியோ அழைப்பில் படம் உறைவதற்கு அது ஒரு காரணம். அலைவரிசை அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே விடுங்கள், 40 ஆக்கினால் இந்தக் கணக்கு எல்லாம் கலைந்துவிடும்.

அப்புறம், அந்தப் பெட்டியை யாராவது ரீசெட் செய்தால் டிஎச்சிபி தானாகத் திரும்ப ஓட ஆரம்பித்துவிடும். ஒரு சீட்டு எழுதி ஒட்டி வையுங்கள்.

கார்த்திகைப்பூ எழுதியது:

சேனல் மாற்றிவிட்டேன். சீட்டும் ஒட்டியாயிற்று: "192.168.1.2. டிஎச்சிபி அணைத்திருக்கிறது. கேபிள் மஞ்சள் ஓட்டையில் மட்டும். ரீசெட் செய்யாதே." கடைசி வரி தம்பிக்கு.

அம்மாவிடம் உட்கார்ந்து சொன்னேன், நீங்கள் எதையும் தவறாக அழுத்தவில்லை, அலமாரி மேல் இருந்த பெட்டிதான் தவறான வழி காட்டியது என்று. "அப்போ என் கை இல்லையா?" என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்றேன். சாயங்காலம் நான் சமையலறையில் இருந்தபோது அவராகவே போனை எடுத்து, பச்சைக் குறியை அழுத்தி, பெரியம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். நாற்பது நிமிடம் பேசினார்கள். படம் ஒருமுறைகூட உறையவில்லை.

உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பழையமோடம் ஐயாவுக்கு அம்மாவும் நன்றி சொல்லச் சொன்னார்.